வைத்தியர் பனோனும் வெள்ளை முகமூடியும்

நான் பாரிசுக்கு வந்த புதிதில் ஒரு உணவகத்தின்ர குசினியில கோப்பை கழுவினன். என்னோட நின்றவர் மார்த்தினிக் தீவுக்காரர், கறுப்பினத்தவர். முதலாளி வந்தால் சுத்தமான பிரெஞ்சு கதைப்பார். தனிய நிற்கேக்கைதான் தன்ர கிரியோல் மொழியில முணுமுணுப்பார். பிரான்ட்ஸ் பனோன் என்ற பெயரை அவர் வாயாலதான் முதன்முதல் கேட்டன்.

பனோன் 1925 யூலை 20இல் மார்த்தினிக்கின் தலைநகர் போர்-து-பிரான்சில் பிறந்தவர். கரும்புத் தோட்டங்களுக்காக ஆபிரிக்காவிலிருந்து மக்களை அடிமைகளாகக் கொண்டுவந்து இறக்கிய தீவு அது. பிள்ளையள் கிரியோல் கதைச்சால் வசதியான குடும்பங்களில் பெற்றாரே கண்டிப்பினம். பிரெஞ்சு நன்றாக வந்தால்தான் மதிப்பு. நிறமும் கொஞ்சம் வெளுப்பென்றால் இன்னும் மதிப்பு.

இரண்டாம் உலகப்போரில் பிரான்சுக்காகப் போராடிக் காயப்பட்டு, பதக்கமும் பெற்றார். அந்தப் படைக்குள்ளேயே நிறவேறுபாட்டையும் கண்டார். பின்னர் லியோனில் மனநோய் வைத்தியம் படித்தார். 1952இல் கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள் என்ற நூலை வெளியிட்டார். ஒரு சின்ன வெள்ளைப் பிள்ளை தன்னைக் கண்டு பயந்ததை அதில எழுதியிருக்கிறார். சிறுவயது முதல் கேட்கும் இகழ்ச்சி உள்ளுக்குள் இறங்கி, கறுப்பு மனிதன் தன்னைத்தானே வெள்ளைக்காரன்ர கண்ணால் பார்த்து வெட்கப்படுகிறான். இது பிறவிக் குறையல்ல, அடக்கியாண்ட சமூகம் உண்டாக்கிய காயம் என்பதுதான் அவர் கண்டது.

1953இல் அல்ஜீரியாவின் பிளிடா மனநோய் வைத்தியசாலைக்குப் போனார். கூட்டம், படக்காட்சி, கொண்டாட்டம் என்று நோயாளரை ஒன்றுசேர்த்தார். ஐரோப்பியப் பெண்கள் தேறினார்கள்; முஸ்லிம் ஆண்களோ அசையவில்லை. பனோன் அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த மக்களின் மொழி தெரியாத தானே பிரெஞ்சு வழக்கங்களைத் திணித்ததை உணர்ந்தார். முகமூடியைப் பற்றி எழுதியவரே நோயாளருக்கு ஒரு முகமூடியை நீட்டியிருந்தார்! பிறகு உள்ளே ஒரு கோப்பிக்கடை திறந்தார், அவர்களின் பெருநாட்களைக் கொண்டாடினார், கதைசொல்லியை அழைத்தார். அந்த மனிதர்கள் மெல்ல மெல்ல வாய் திறந்தார்கள்.

1956இல் பதவியைத் துறந்தார்; 1957இல் நாடுகடத்தப்பட்டு, தூனிசிலிருந்து அல்ஜீரிய விடுதலைக்கு உழைத்தார். 1961 டிசம்பர் 6இல் இரத்தப் புற்றுநோயால் அமெரிக்காவில் இறந்தார். வயது 36. அல்ஜீரிய மண்ணில் அடக்கம் செய்யப்பட்டார். 1962இல் கிடைத்த விடுதலையைக் காண அவர் இல்லை.

என்ர கூட்டாளியின்ர தம்பியும் மனநோயால் வைத்தியசாலையில் மாதக்கணக்காகப் பேசாமல் கிடந்தவராம். கிரியோல் கதைக்கிற ஒரு தாதி வந்த பிறகுதான் அழுதவராம். அதைச் சொல்லேக்கை கூட்டாளி கோப்பை கழுவுறதை நிப்பாட்டிப்போட்டார். சின்னனில் தம்பி கிரியோல் கதைச்சதுக்குத் தானும் அடிச்சிருக்கிறன் என்றார்.

எங்கட வீடுகளிலும் மனம் உடைஞ்சவையை விசர் என்று ஒளிச்சு வைக்கிறம். இந்தப் புத்தாண்டிலாவது அவையோட எங்கட மொழியில கதைப்பம், வைத்தியரிட்டையும் கூட்டிப்போவம். அதில வெட்கம் ஒன்றுமில்லை.