பானி கெம்பிள் அம்மையார்

பிறர் துன்பங் கண்டு இரங்குவோர் உலகிற் பலர். அத்துன்பமே தம் இல்லத்துச் செல்வத்திற்கு வேராதலைக் கண்டபின், அதனை மறையாது எடுத்துரைப்போர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் பானி கெம்பிள் என்னும் ஆங்கில மாதராவர்.

இவர் 1809ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் சார்ல்ஸ் கெம்பிள் புகழ்பெற்ற நடிகர். அவர் நடத்திவந்த கவெண்ட் கார்டன் நாடகசாலை கடனால் நலிவுற்றிருந்தபோது, 1829இல் பானி ஜூலியத்தாக அரங்கேறிப் பெரும்புகழ் எய்தினார். 1832இல் தந்தையாருடன் அமெரிக்கா சென்றவர், 1834இல் பிலடெல்பியா நகரத்துச் செல்வராகிய பியர்ஸ் பட்லரை மணந்தார். பின்னர் ஜார்ஜியா மாகாணத்து நெல், பருத்தித் தோட்டங்களும், அவற்றிற் பாடுபட்ட நூற்றுக்கணக்கான அடிமைகளும் அக்கணவருக்குக் குடும்பச் சொத்தாக வந்தன.

1838 டிசம்பர் இறுதியில், அம்மையார் தம் இரு பெண்மக்களுடன் ஆல்ட்டமகா ஆற்று முகத்திலுள்ள பட்லர் தீவை அடைந்தார். ஆங்கு அடிமைகள் விடியற்காலையிற் கழனிக்குச் செல்வர். நண்பகலிலேதான் முதலுணவு கொள்வர். அந்தியில் மற்றுமொரு முறை உண்பர். பெரும்பாலும் மக்காச்சோளக் கூழே அவர்தம் உணவு. தாயர் வயலில் உழைக்க, கைக்குழந்தைகளைச் சற்றே மூத்த சிறுவர் சிறுமியர் காத்துவந்தனர்.

நோயாளர் விடுதியைக் கண்ட அம்மையார் உளம் நடுங்கினார். ஈரம் படிந்த மண் தரை. குளிருக்கு அஞ்சிச் சார்த்திய பலகணிகளால் இருளடைந்த அறைகள். கட்டிலும் பாயுமின்றிக் கந்தையைப் போர்த்துத் தரையிற் கிடந்த பெண்டிர். அவர்களுள் மகப்பெற்றோரும் இருந்தனர். வாதநோயால் முடங்கினோரும் இருந்தனர். அம்மையார் பலகணிகளைத் திறப்பித்தார். அடுப்பில் தீ மூட்டுவித்தார். அறைகளைத் துப்புரவு செய்வித்தார். குழந்தைகளின் முகத்தைத் தூய்மையாக வைத்திருக்கும் சிறுவர்க்குக் காசு தருவதாகவுங் கூறினார்.

ஆயினும், அழுக்கிற்குக் காரணம் சோம்பலன்று என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். பிள்ளைகளைத் தூய்மை செய்யத் தமக்குப் பொழுதில்லை என்று அவரிடம் கூறிய ஒரு பெண், அங்ஙனம் கூறியதற்காகவே கசையடி பட்டாள். மகப்பெற்ற மூன்றாம் வாரத்திலேயே பெண்டிரை வயலுக்கு அனுப்புவது அத்தோட்டத்தின் வழக்கம். ஒரு திங்களேனும் ஓய்வு வேண்டுமென்று அவர்கள் அம்மையாரை அடைந்து மன்றாடினர். ஒருத்தி பெற்ற மக்கள் ஆறு, எஞ்சியது ஒன்று. மற்றொருத்தி பெற்றவை பத்து, இறந்தவை ஐந்து. இவற்றையெல்லாம் அம்மையார் பெயருடன் குறித்து வைத்தார். கணவரோ, அடிமைகளின் முறையீடுகளை இனித் தம்மிடம் கொண்டுவரலாகாதெனத் தடுத்துவிட்டார். தாம் உண்ணும் உணவும் உடுக்கும் உடையும் இவ்வேழைகளின் கூலியில்லா உழைப்பால் வந்தவை என்னும் எண்ணம் அம்மையாரை ஓயாது வருத்தியது.

1839 ஏப்ரலில் அவர் அத்தோட்டத்தை விட்டு நீங்கினார். மணவாழ்வு கசந்து, 1849இல் மணமுறிவு ஏற்பட்டது. மக்களையும் பிரிந்திருக்க நேர்ந்தது. 1859இல் பட்லர் தம் கடனை அடைக்கும்பொருட்டு, 400க்கு மேற்பட்ட அடிமைகளைச் சவானா நகரருகே இரண்டு நாட்களில் ஏலமிட்டார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆங்கில மக்கள் பலர் தென்னாட்டார் பக்கம் சாய்ந்தமை கண்ட அம்மையார், இருபத்து நான்கு ஆண்டுகள் பேழையில் வைத்திருந்த தம் குறிப்புகளை 1863இல் நூலாக வெளியிட்டார். 1865இல் அந்நாட்டில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. அம்மையார் 1893இல் இலண்டனில் உயிர்நீத்தார்.

அவர் மூட்டிய அடுப்புகள் சின்னாளில் அவிந்திருக்கலாம்; ஓய்வு வேண்டிய தாயர்க்கு அவரால் ஒரு வார ஓய்வும் பெற்றுத்தர இயலவில்லை. எனினும், கணக்கேடுகளில் விலைப்பொருளாக நின்றவர்களைத் தாயராகவும் நோயுற்ற மாந்தராகவும் உலகிற்குக் காட்டிய பெருமை அவர்க்குரியது. நண்பர்காள்! நோயுற்றார்க்கு மருந்தளித்தல் நன்று. அந்நோய் எதனால் விளைந்ததென வினவுதல் அதனினும் நன்று. விடை நம் வீட்டு வாயிலுக்கே வந்து நிற்பினும் அதனை உரைக்கும் உரம் நமக்கு வேண்டும். அம்மையார் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே.