வெரியர் எல்வின்

பிறர் வாழ்வை ஆராய்வோர், அவர்முன் தாம் எந்நிலையில் நிற்கிறோம் என்பதையும் ஆராய்தல் வேண்டும். இதனை நன்கு விளக்குவது வெரியர் எல்வினின் வாழ்க்கையாகும்.

1902ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டோவர் நகரில் பிறந்த எல்வின், ஆக்ஸ்போர்டில் கற்று, சமயத் தொண்டராய் 1927இல் இந்தியா வந்தார். காந்தியடிகளிடம் ஈடுபாடு கொண்டார். 1932இல் நண்பர் சாம்ராவ் ஹிவாலேயுடன், அந்நாளைய மத்திய மாகாணத்து மண்டலா மாவட்டத்தில், கோண்டு மக்கள் வாழ்ந்த கரஞ்சியாவில் குடியேறினார். பள்ளியும் மருத்துவச் சாலையும் நடத்தினார். போதிக்கச் சென்றவர் நாளடைவில் கற்பவரானார். 1935இல் திருச்சபையினின்றும் விலகினார்.

ஏரால் உழுவது பூமித்தாயின் மார்பைக் கிழிக்கும் பாவம் எனக் கருதிய பைகா மக்கள், காட்டை வெட்டி எரித்துப் பயிரிட்டனர். வனச் சட்டம் அதனைத் தடுத்தது. அவர்கள் உற்ற துயரை 1939இல் ‘பைகா’ என்னும் பெருநூலில் எல்வின் எழுதினார். வந்து கண்டு மீளும் விருந்தினராய் அன்றி, உடனுறைந்து எழுதினார்.

எனினும், மருந்து அளிப்பவரும் அவரே. பள்ளி நடத்துபவரும் அவரே. அதிகாரிகளிடம் பரிந்து பேச வல்லவரும் அவரே. அத்தகையவர் வினவினால் ஏழைக் குடியானவர் விடை கூற மறுப்பரோ? 1940இல், தம் பள்ளியில் பயின்ற, வயதில் மிக இளைய கோண்டுப் பெண்ணை அவர் மணந்தார். 1949இல் அம்மணம் முறிந்தது. பழங்குடியினரின் இல்வாழ்வை ஏடேடாக எழுதியவர், தம் வரலாற்றில் அவ்வம்மையாரைப் பற்றி மிகச் சிறிதே கூறினார். எழுதுகோல் இவர் கையில் இருந்தது. அவர் கையில் இல்லை.

பழங்குடியினரைப் பொருட்காட்சிச் சாலைப் பொருள்போல் ஒதுக்கி வைக்க முயல்கிறார் எனச் சிலர் குறை கூறினர். பின்னாளில் எல்வினும் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். 1954இல் இந்தியக் குடிமகனாகி, இன்றைய அருணாசலப் பிரதேசமாகிய வடகிழக்கு எல்லைப் பகுதியின் பழங்குடி நல ஆலோசகரானார். மலைமக்களிடையே பணிபுரியும் அதிகாரிகள் தம்மை உயர்ந்தோராய் எண்ணலாகாது என வற்புறுத்தினார். 1961இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1964இல் டில்லியில் காலமானார்.

பிறந்த மண்ணை விட்டு வேற்றுமொழியாரிடையே வாழும் நமக்கும் இஃதொரு பாடமாகும். அயலாரைப் பற்றி முடிவு கூறுமுன், நாம் எங்கு நின்று காண்கிறோம், நம் சொல்லுக்கு மறுமொழி கூற அவர்க்கு வாய்ப்புண்டா என எண்ணுவோமாக.