உப்பின் கடன்: நாசிர் ஜங்கின் வாழ்வும் முடிவும்

குயிலாப்பாளையத்துச் செம்மண் மேட்டிலிருந்து வடக்கே செல்வோமாயின், மரக்காணத்து உப்பளங்கள் பாத்தி பாத்தியாய் விரிந்து கிடப்பதைக் காணலாம். தெற்கே புதுவை நகரம். மேற்கே செஞ்சிக் கோட்டை. இவற்றுக்கு இடையே வாழும் நம் மாணவச் செல்வங்களுள் எத்தனை பேர், தக்காணத்தின் அதிபதி ஒருவர் இந்த மண்ணுக்கு அண்மையிலேயே, தம் உப்பைத் தின்றவர் கையால் மாண்டார் என்பதை அறிவர்? அவரே ஹைதராபாத் நிஜாம்களின் வரிசையில் இரண்டாமவரான நாசிர் ஜங். அவர்தம் வரலாற்றை இம்மலரில் சுருக்கமாக நினைவுகூர விழைகின்றோம்.

மீர் அஹ்மத் அலீ கான் என்னும் இயற்பெயர் கொண்ட நாசிர் ஜங் 1712ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை, ஆசஃப் ஜாஹி அரசை நிறுவிய நிஜாமுல் முல்க். 1737இல் தந்தையார் தில்லிக்கு அழைக்கப்பெற்றபோது, தக்காணத்தை ஆளும் பொறுப்பு இளைஞரான மகனிடம் வந்து சேர்ந்தது. அதிகாரத்தின் சுவையை அறிந்த மகனுக்கு அதனைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. 1741இல் ஔரங்காபாத் அருகே தந்தையை எதிர்த்துப் போரிட்டுத் தோற்றார், காயமுற்றுப் பிடிபட்டார். தந்தையோ சிறிது காலம் காவலில் வைத்துப் பின்னர் மகனை மன்னித்தார்.

நாசிர் ஜங் வெறும் போர்வீரர் அல்லர். பாரசீக மொழியில் கவி புனையும் ஆற்றல் பெற்றவர், கற்றோரைப் போற்றியவர். பெரும்புலவர் குலாம் அலீ ஆஸாத் பில்கிராமி அவருடைய நெருங்கிய நண்பராய் விளங்கினார். முகலாயப் பிரபுக்களின் வரலாற்றைக் கூறும் மஆஸிருல் உமரா என்னும் பெருநூலைத் தொகுத்த ஷாநவாஸ் கான், 1741 கிளர்ச்சியில் நாசிர் ஜங்கின் பக்கம் நின்றதால் பதவி இழந்தவர். அந்த ஓய்வுக் காலத்திலேயே அவர் அந்நூலை எழுதத் தொடங்கினார் என்பது கல்வி உலகம் மறக்கலாகாத செய்தி. நாசிர் ஜங் அரியணை ஏறியதும் அவரைத் தம் அமைச்சராக்கிக் கொண்டார்.

1748ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நிஜாமுல் முல்க் வபாத்தானார். நாசிர் ஜங் ஆட்சிக்கு வந்தார். ஆயினும் நிஜாமின் மகள் வயிற்றுப் பேரரான முசாஃபர் ஜங், தமக்கே அவ்வுரிமை என்று எழுந்தார். ஆர்க்காட்டு நவாப் பதவியை நாடிய சந்தா சாஹிபும், புதுவையின் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயும் அவருக்குத் துணை நின்றனர். 1749 ஆகஸ்ட் 3ஆம் நாள் ஆம்பூரில் நடந்த போரில் ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் கொல்லப்பட்டார். அவர் மகன் முகம்மது அலீயின் கோரிக்கையை ஏற்று நாசிர் ஜங் பெரும்படையுடன் தெற்கே புறப்பட்டார்.

1750ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் அப்படை புதுவைக்கு மேற்கே வழுதாவூர்ப் பகுதியில் பாளையமிறங்கியது. ஆங்கிலேயத் தளபதி லாரன்ஸும் வந்து சேர்ந்தார். எதிரே நின்ற பிரெஞ்சுப் படையிலோ அதிகாரிகள் பலர் போருக்கு முன்னரே பதவி விலகினர். அப்படை புதுவைக்குப் பின்வாங்கியது. தனித்து விடப்பட்ட முசாஃபர் ஜங், தீங்கு நேராது என்ற உறுதிமொழியை நம்பித் தாய்மாமனாகிய நாசிர் ஜங்கிடம் சரணடைந்தார். உறுதிமொழி காக்கப்படவில்லை; அவர் சிறையில் இடப்பட்டார்.

இங்கேதான் நாசிர் ஜங்கின் அழிவு வித்தூன்றியது என்பது நம் கருத்து. கடப்பை, கர்நூல், சாவனூர் ஆகிய பகுதிகளின் பட்டாணிய நவாபுகள் அவருக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசர்கள். முசாஃபர் ஜங்கின் சரணடைவுக்கு இடைநின்றவர்களும் அவர்களே. தங்கள் வாக்கும் பொய்யாயிற்றே என்ற மனக்கசப்பை, அவர்களுடைய பேராசையும் வளர்த்தது. தூப்ளே அவர்களோடு மறைவாக மடல் தொடர்பு கொண்டார். நாசிர் ஜங்கோ ஆர்க்காட்டில் வேட்டையிலும் கேளிக்கையிலும் காலங்கழித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றியபோதுதான் விழித்துக்கொண்டார். செஞ்சியை நோக்கி வந்த அவர் படையை மழைக்கால வெள்ளம் வழியிலேயே முடக்கியது.

1750 டிசம்பர் 16ஆம் நாள் விடியுமுன், பிரெஞ்சுத் தளபதி தெ லா தூஷ், சுமார் 800 ஐரோப்பியரோடும் 3000 சிப்பாய்களோடும் பாளையத்தைத் தாக்கினார். சமாதான உடன்படிக்கைக்கு நாசிர் ஜங் இசைந்திருந்த வேளை அது. யானை மீதேறிய அவர், நவாபுகளின் படை போரிடாது நிற்பதைக் கண்டு, அவர்களை ஏவும் பொருட்டு நம்பி நெருங்கினார். அவர்களுள் ஒருவரின் துப்பாக்கிக் குண்டு அவர் மார்பில் பாய்ந்தது. தலை கொய்யப்பட்டு, சிறையிலிருந்து விடுபட்ட முசாஃபர் ஜங்கின் முன் கொண்டு செல்லப்பட்டது. அப்போது நாசிர் ஜங்கிற்கு வயது 38.

இந்நிகழ்ச்சியை எண்ணுங்கால், யூதர்களின் பண்டை வேதநூல் கூறும் ஒரு வரலாறு நம் நினைவிற்கு வருகின்றது. திருக்குர்ஆன் தாலூத் என்று குறிப்பிடும் அரசரை அந்நூல் சவுல் என்கிறது. அவருடைய மகன் இஸ்போசேத் இரண்டாண்டுகள் அரசாண்டார். அவருடைய படைத்தலைவர்களான பானா, ரேகாப் என்னும் இருவர், நண்பகலில் அவர் உறங்குகையில் கொன்று, பரிசு பெறும் எண்ணத்துடன் தலையை எப்ரோனிலிருந்த தாவூதிடம் கொண்டுவந்தனர். இறந்தவர் தமக்குப் போட்டி அரசர். அவர் மறைவால் பயனடைபவரும் தாமே. எனினும் தாவூத் மகிழவில்லை. கொலைஞர் இருவருக்கும் மரணதண்டனை விதித்து, இஸ்போசேத்தின் தலையை உரிய முறையில் அடக்கம் செய்வித்தார் என்கிறது அந்நூல்.

புதுவையில் நிகழ்ந்ததோ வேறு. பீரங்கிகள் முழங்கின; தேவாலயத்தில் நன்றி வழிபாடு நடந்தது. முசாஃபர் ஜங் புதுவையில் கோலாகலமாக அரியணை ஏற்றப்பட்டார். வழுதாவூர் தூப்ளேக்கு ஜாகீராயிற்று. வெற்றியின் நினைவாகத் தம் பெயரால் ஓர் ஊரையும் தூப்ளே தோற்றுவித்தார்.

துரோகத்திற்குப் பரிசளித்தவர்கள் அதன் பயனை விரைவிலேயே கண்டனர். பெற்ற கூலி போதாதென்று அதே நவாபுகள் திரும்பி எழ, 1751 பிப்ரவரியில் இராயச்சோட்டி அருகே அவர்களுடன் நடந்த போரில் முசாஃபர் ஜங் கொல்லப்பட்டார். தூப்ளேயின் வெற்றி ஊரை 1752இல் கிளைவ் தரைமட்டமாக்கினார். 1754இல் தூப்ளேயும் பதவியிழந்து தாயகம் திரும்பினார்.

நாசிர் ஜங்கின் உடல் தக்காணத்தின் குல்தாபாதுக்குக் கொண்டு செல்லப்பட்டுத் தந்தையின் அருகிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டது. எதிர்த்த மகனை மன்னித்த தந்தையின் பக்கத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. அவருடைய நண்பர் ஆஸாத் பில்கிராமியும் அவ்வூரிலேயே துயில்கின்றார்.

தம்மை நம்பி வந்தவரிடம் வாக்குத் தவறிய அரசர், தாம் நம்பிச் சென்றவர்களால் மாண்டார். அவர் பிழை கொலைஞரின் பிழையைக் குறைக்காது; கொலைஞரின் பிழை அவருடையதை மறைக்காது. இக்காலத்துப் புதுவை நிகழ்ச்சிகளை ஆனந்தரங்கப் பிள்ளையவர்கள் நம் தமிழிலேயே நாட்குறிப்பாக எழுதி வைத்துள்ளார். மாணவர்கள் அதனைத் தேடிப் படித்தல் வேண்டும். மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து செல்லும்போதெல்லாம், உப்பிட்டவருக்கும் உண்டவருக்கும் உள்ள கடனை ஒரு கணம் நினைத்துப் பார்ப்போமாக.