வானநூற் பேரறிஞர் வைணு பாப்பு

விண்ணை ஆராய்வதற்குப் பெருங்கருவிகள் வேண்டும். அவற்றை ஆக்கப் பெரும்பொருள் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத நாட்டில் விஞ்ஞானம் தழைத்தல் அரிது என்று எண்ணிச் சோர்வார் நம் மாணவருள்ளும் பலர். ஜவ்வாது மலையில் ஆலங்காயத்தை அடுத்துள்ள காவலூருக்கு ஒரு முறை சென்று வருவோமாயின் அச்சோர்வு தானே நீங்கும். அங்கே காட்டின் நடுவே நிமிர்ந்து நிற்கும் வானாய்வகம் ஒரு பெரியாரின் விடாமுயற்சியால் எழுந்தது. அவரே எம். கே. வைணு பாப்பு ஆவர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10ஆம் நாள் சென்னையிற் பிறந்தார். அவர் குடும்பம் மலையாள நாட்டுத் தலைச்சேரியைச் சார்ந்தது. தந்தையார் ஹைதராபாத்தில் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். ஆதலின் பிற சிறுவர் பந்தும் பம்பரமுமாய்த் திரியும் பருவத்தே, இவர் தொலைநோக்கியின் அருகில் வளர்ந்தார். ஒளி கூடியும் குறைந்தும் தோன்றும் விண்மீன்களைக் கண்டு குறிப்பெடுத்து, கல்லூரி மாணவராய் இருக்கும்போதே ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டார்.

1949இல் ஹைதராபாத் அரசின் உதவிச் சம்பளம் பெற்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் புகுந்தார். சென்ற சில மாதங்களிலேயே, ஜூலைத் திங்களில் ஓரிரவு, தாம் எடுத்த வானப் படத்தட்டை ஆராய்கையில், அதுகாறும் யாரும் அறியாத வால்வெள்ளி ஒன்றைக் கண்டார். அது பாப்பு, போக், நியூகர்க் என்னும் மூவர் பெயராலும் வழங்குகிறது. அதன் பொருட்டுப் பசிபிக் வானநூற் கழகத்தார் அவருக்குப் பதக்கம் அளித்தனர். 1952இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பின்னர், அந்நாளில் உலகிலேயே பெரியதாய் விளங்கிய 200 அங்குலத் தொலைநோக்கியை உடைய பாலோமார் மலையில் ஆராயும் பேறு அவருக்குக் கிட்டியது. ஆங்கு ஆலின் வில்சன் என்பாருடன் கூடி அவர் கண்ட உண்மை 1957இல் வெளியாயிற்று. சற்றே குளிர்ந்த விண்மீன்களின் ஒளியைப் பிரித்து நோக்கின், கால்சியம் என்னும் பொருளுக்குரிய கரிய கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று தோன்றும். அக்கீற்றின் அகலம் மிகுந்தோறும் அவ்விண்மீனின் இயற்கை ஒளியும் மிகும். இயற்கை ஒளி தெரியின், அது நமக்கு எவ்வளவு மங்கலாய்த் தோன்றுகிறது என்பதைக் கொண்டு தொலைவைக் கணித்துவிடலாம். எட்டாத மீனின் தொலைவை ஒரு கோட்டின் அகலம் உரைக்கிறது! இவ்வுண்மை வில்சன்–பாப்பு விளைவு என இன்றும் பாடநூல்களில் நின்று நிலவுகிறது.

இத்தகைய புகழுடையார் அந்நாட்டிலேயே தங்கியிருப்பின் குறை கூறுவார் யார்? எனினும் 1953இல் அவர் தாய்நாடு திரும்பினார். அடுத்த ஆண்டு ஐக்கிய மாகாணம் என முன்பு வழங்கிய உத்தரப் பிரதேசத்தின் வானாய்வகத் தலைமையை ஏற்றார். காசியில் இருந்த அது 1955இல் நைனிடால் மலைக்கு மாறியது. பின்னர் 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராய் வந்தமர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்து மூன்று கூட நிரம்பவில்லை.

கொடைக்கானல் ஆய்வகத்தின் பிறப்பும் ஈண்டு அறியத்தக்கது. தாது வருஷப் பஞ்சத்தில் தென்னாட்டு மக்கள் இலட்சக்கணக்கில் மடிந்தபின், ஞாயிற்றின் நிலையை ஆராயின் பருவமழையின் போக்கு விளங்குமோ என்னும் எண்ணம் அறிஞரிடையே எழுந்தது. அவ்வெண்ணத்தின் துணையால் 1899இல் அமைந்த அவ்வாய்வகம், 1971 வரை இந்திய வானிலை ஆராய்ச்சித் துறையின் கீழ் இருந்தது. இங்ஙனம் மழையை ஆராயும் நூலும் மீனை ஆராயும் நூலும் நம் நாட்டில் ஒரு கூரையின் கீழ் உடன்பிறந்தாராய் வளர்ந்தன.

ஆயினும் ஞாயிற்றை ஆராயத் தக்க கொடைக்கானல், இரவு வானை ஆராய ஏலாதாயிற்று. அங்கே இரு பருவ மழையின் முகில்களும் வந்து கவியும். மேலும், முகில் இல்லாமை ஒன்றே போதாது. வெப்பமும் தட்பமும் மாறுபட்ட காற்றடுக்குகளின் வழியே வருவதாலேயே மீன்கள் மின்னுகின்றன. அம்மின்னல் நம் கண்ணுக்கு அழகு, ஆராய்வார்க்கோ பெருந்துன்பம். ஆதலின் காற்று அமைதியாகவும், ஊர் விளக்குகள் எட்டாததாகவும், தென்வானம் நன்கு தெரிவதாகவும் உள்ள இடத்தைப் பாப்பு தென்னாடெங்கும் தேடினார். முடிவில் ஜவ்வாது மலையே அவர் உள்ளம் கொண்டது. நிலநடுக்கோட்டிற்கு வடக்கே பன்னிரண்டரைப் பாகையில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில், சந்தன மரங்களும் மலையாளி மக்களின் சிற்றூர்களும் சூழ்ந்த காவலூரைத் தேர்ந்தார்.

பெருங்கருவி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கொடைக்கானல் பட்டறையிலேயே 38 செண்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றைச் செய்வித்து, 1968இல் காவலூரில் பணியைத் தொடங்கிவிட்டார். 1972இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு மீட்டர்த் தொலைநோக்கி நிறுவப்பெற்றது. அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே, வியாழனின் துணைக்கோளாகிய கானிமீடு ஒரு மீனை மறைத்தபோது, அக்கோளைச் சுற்றி மெல்லிய காற்றுறை உண்டென்பதற்கான அறிகுறி அதன் வழியே தென்பட்டது. 1977 மார்ச்சு 10ஆம் நாள் யுரேனசின் வளையங்களைக் கண்டறிந்த உலக அறிஞருடன் காவலூரும் ஒரு பங்கு பெற்றது.

1971இல் தன்னாட்சி பெற்ற இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தின் முதல் இயக்குநரும் அவரே. 1979இல் உலக வானநூலார் சங்கத்தின் தலைமை அவரை நாடி வந்தது. ஆயினும் அவர் நெஞ்சில் குடிகொண்டிருந்த கனவு வேறு. 234 செண்டிமீட்டர்க் கண்ணாடியை நம் நாட்டாரே தேய்த்து மெருகிட்டு, நம் நாட்டிலேயே பெருந்தொலைநோக்கி ஒன்றை அமைத்தல் வேண்டும் என்பதே அது. அப்பணி நடந்துகொண்டிருக்கும்போதே, 1982 ஆகஸ்டு 19ஆம் நாள், இருதய சிகிச்சைக்குப்பின் ஜெர்மனியில் மூனிக் நகரில் அவர் உயிர் நீத்தார். ஐம்பத்தைந்து ஆண்டு நிறைந்து ஒன்பது நாட்களே ஆகியிருந்தன. அவர் தலைமை தாங்கவேண்டிய உலகப் பேரவை அவ்வமயம் கிரேக்க நாட்டில் கூடியிருந்தது. அந்தோ! தாம் நட்ட மரத்தின் கனியை அவர் கண்டாரில்லை. 1986 ஜனவரி 6ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி அத்தொலைநோக்கியைத் திறந்து வைத்தார். கருவிக்கும் ஆய்வகத்திற்கும் வைணு பாப்புவின் பெயரே சூட்டப்பெற்றது.

மாணவ நண்பர்களே! இவ்வாழ்க்கையினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? கருவி பிறகு, இடமறிதல் முன் என்பதேயாம். தம் நாட்டின் காற்றையும் முகிலையும் இருளையும் ஆராய்ந்தறிந்தமையாலன்றோ தம் நாட்டிலிருந்தே உலகம் மதிக்கும் பணியை அவர் ஆற்றினார்? அவர் தேடிக் கண்ட இருளோ இன்று ஆண்டுதோறும் மெலிகிறது; சுற்றிலும் பெருகும் விளக்கொளி அதனை அரிக்கிறது. நமக்கு அணித்தேயுள்ள அக்குன்றின் இரவைக் காப்பது அவருக்கு நாம் செலுத்தும் கடன். வானிலையையும் வானையும் கற்க விரும்புவார் எவரும் அயல்நாட்டுக் கப்பலை எதிர்நோக்க வேண்டுவதில்லை. தம் ஊர் வானத்தை இன்றிரவே நோக்கித் தொடங்குவாராக.