மகரக்கட்டும் ஒரு மைக்கும்

ராத்திரி பதினோரு மணிக்கு, வீட்டுல எல்லாரும் தூங்கின பிறகு, மெட்டல் பாட்டுக்கு ஸ்க்ரீம் ரெக்கார்ட் பண்ணிப் பார்த்திருக்கீங்களா? நான் அன்னவாசல்ல எங்க வீட்டு மாடி ரூம்ல பண்ணினேன். ஜன்னலுக்கு மெத்தை, கதவுக்கு ரெண்டு ஜமுக்காளம். இயர்போன்ல கேட்டா தகர ட்ரம்மை ரோட்டுல இழுக்கிற மாதிரி இருந்தது. இன்னும் கத்தினா சரியாகும்னு இன்னும் கத்தினேன். மூணாவது நாள் குரல் போயிடுச்சு. ரெண்டு வாரம் வெறும் காத்துதான் வந்தது. நடுவுல கேம்பஸ் இன்டர்வியூ வேற.

பேச முடியாம உட்கார்ந்திருந்தப்பதான் அப்பத்தா சின்னப்பா பேரை எடுத்தாங்க. அவருக்கும் ஒரு தடவை குரல் உடைஞ்சு போச்சாம். தேடிப் படிச்சேன். படிச்சதை உங்களுக்கும் சொல்றேன்.

பி.யு.சின்னப்பா. 'பி' புதுக்கோட்டை, 'யு' அப்பா உலகநாத பிள்ளை. எங்க ஊர்ல இருந்து பஸ் ஏறினா அரை மணி நேரத்துல வர்ற ஊர்க்காரர். பிறந்தது 1916 மே 5. அப்பா நாடக நடிகர், அதனால பையனும் சின்ன வயசுலயே பாய்ஸ் கம்பெனிக்குப் போயிட்டார். பாய்ஸ் கம்பெனின்னா நம்ம ஹாஸ்டல் மாதிரின்னு நினைச்சுக்கோங்க, ஆனா லீவு கிடையாது. சாப்பாடு, பாட்டு, வசனம், அடி எல்லாம் அங்கேயே. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில மாசம் 15 ரூபாய் வாங்கிட்டு இருந்தவர் தனியா பாடுறதை முதலாளி கேட்டுட்டு, சம்பளத்தை 75 ஆக்கி ராஜபார்ட் கொடுத்தார்னு எழுதியிருக்காங்க. எம்.ஜி.ஆரும் அதே கம்பெனியில இருந்த பையன்தான். மேடையில மைக் கிடையாது. கடைசி வரிசையில தரையில உட்கார்ந்திருக்கிறவருக்கும் கேட்கணும்.

அப்புறம் மகரக்கட்டு வந்தது. நாடகக்காரங்க வச்ச பேர் அது. வயசு வரும்போது குரல் நாண் நீளமாகி தடிச்சு, பழைய உச்சத்துக்குப் போனா குரல் பிசிறும். நமக்கு அது கிண்டல் பண்ற விஷயம். பாய்ஸ் கம்பெனி பையனுக்கு வேலை போற விஷயம். சின்னப்பா கம்பெனியை விட்டு வெளியே வந்தார்.

எனக்கு இந்த இடம்தான் முக்கியம். அவர் பழைய குரலைக் கத்தி இழுத்துட்டு வரப் பார்க்கல. பாகவதர்கள்கிட்ட உட்கார்ந்து சங்கீதம் கத்துக்கிட்டார், கச்சேரி பண்ணினார். கூடவே சிலம்பம், பளு தூக்குறது. மூச்சு பலம் எங்கிருந்து வரும்னு யோசிச்சுப் பாருங்க. திரும்பி வந்த குரல் வேற குரல்: கனமான, அடியில நிக்கிற குரல்.

1936ல ஜூபிடர் பிக்சர்ஸின் 'சந்திரகாந்தா'. அதுக்குப் பிறகு சில படங்கள். வாய்ப்பு நின்னப்போ ஊருக்கு வந்து மௌன விரதம் இருந்தார்னு சொல்வாங்க. பக்திக்காக இருந்தது, சரி. ஆனா எந்த தொண்டை டாக்டரும் முதல்ல சொல்றது அதைத்தான். எனக்கும் அதையேதான் சொன்னாங்க.

அதுக்கப்புறம் மாடர்ன் தியேட்டர்ஸ் கூப்பிட்டது. 1940ல 'உத்தம புத்திரன்', இரட்டை வேஷம். 1941ல 'ஆர்யமாலா', 1942ல 'கண்ணகி'யில கோவலன். தியாகராஜ பாகவதருக்குச் சமமா நின்ன ஒரே ஆள். பாகவதர் குரல் தேன்தான், ஒத்துக்கிறேன். ஆனா என் ஓட்டு சின்னப்பாவுக்கு.

1944ல வந்த 'ஜகதலப்பிரதாபன்' கட்டாயம் பாருங்க. ஒரே ஃப்ரேம்ல அஞ்சு சின்னப்பா: ஒருத்தர் பாடுறார், மத்தவங்க பக்கவாத்தியம். அந்தக் காலத்துல லென்ஸ்ல ஒரு பகுதியை மறைச்சு ஷூட் பண்ணி, ஃபிலிமைத் திரும்பச் சுத்தி, அடுத்த பகுதியை எடுப்பாங்க. ஒரு தடவை தப்பினா முதல்ல இருந்து. நாம லேப்டாப்ல ஒரே ஸ்க்ரீமை ரெண்டு டேக் எடுத்து இடது வலதுன்னு பிரிச்சு வைக்கிறோமே, அதைப் பார்த்தப்போ எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. எனக்கு அன்டூ பட்டன் இருக்கு, அவ்வளவுதான்.

சம்பாதிச்ச காசுக்கு புதுக்கோட்டையில வீடா வாங்கித் தள்ளினார். இனிமே வாங்கக் கூடாதுன்னு சமஸ்தானமே தடை போட்டதா ஊர்ல இன்னைக்கும் கதை ஓடுது. 1951 செப்டம்பர் 23ல அதே புதுக்கோட்டையில இறந்தார். வயசு 35. 'சுதர்சன்' அவர் போன பிறகுதான் ரிலீஸ் ஆச்சு.

நான் இப்போ மைக்கை ஒரு சாண் தள்ளி வைக்கிறேன். கெயினைக் குறைச்சு, பீக் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிக்குற மாதிரி பார்த்துக்கறேன். கத்தறது வயித்துல இருந்து, சத்தம் பாதி. மிச்ச ஆக்ரோஷத்தை கம்ப்ரஸர் பார்த்துக்குது. இருபது நிமிஷம் ஆச்சுன்னா நிறுத்திடறேன். போன வாரம் எடுத்த டேக்கை அப்பத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். முழுசா கேட்டுட்டு, சின்னப்பா பாட்டு ஏதாவது போடச் சொன்னாங்க.