வானுக்கு வழி திறந்தவர்

நுழையும்முன்

வானம் எல்லார்க்கும் பொது. ஆயினும், அதனை அணுகிக் காண உதவும் நல்ல தொலைநோக்கி நெடுங்காலம் செல்வர்க்கும் ஆய்வுக்கூடங்களுக்குமே உரியதாக இருந்தது. அதனை ஆலைத் தொழிலாளரும் தம் கையாலேயே உருவாக்கலாம் என்று காட்டியவர் ரஸ்ஸல் போர்ட்டர். அவர்தம் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பனிநிலப் பயணங்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு 1871ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 13ஆம் நாள் போர்ட்டர் பிறந்தார். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடக்கலை பயின்றார். ஓவியத்திலும் தேர்ச்சி பெற்றார்.

வடதுருவப் பகுதியை ஆராயும் வேட்கை அவரை ஆட்கொண்டது. 1894 முதல் பலமுறை பனிநிலம் நோக்கிப் பயணம் செய்தார். 1903இல் புறப்பட்ட குழுவின் கப்பலைப் பனிப்பாறைகள் நெருக்கி நொறுக்கின. மீட்புக் கப்பல் வந்த 1905 வரை குழுவினர் அங்கேயே தங்க நேர்ந்தது. விண்மீன்களை அளந்து, தாம் இருக்கும் இடத்தைக் கணிப்பது போர்ட்டரின் பணிகளுள் ஒன்றாக இருந்தது. துருவத்தை எட்டும் முயற்சி கைகூடவில்லை. எனினும், விண்மீன்களோடு கொண்ட உறவு அவரை விட்டு நீங்கவில்லை.

பின்னர் மெய்ன் மாநிலக் கடற்கரையில் வாழ்ந்தபோது, நண்பர் ஜேம்ஸ் ஹார்ட்னஸ் ஊட்டிய ஆர்வத்தால் தொலைநோக்கி ஆடிகளைத் தேய்க்கும் கலையைக் கற்றார். ஹார்ட்னஸ் வானியல் ஆர்வலர். ஸ்பிரிங்ஃபீல்டில் இயந்திரத் தொழிற்சாலை ஒன்றின் தலைவர். அவரது அழைப்பை ஏற்று, 1919இல் போர்ட்டர் பிறந்த ஊருக்கே திரும்பி அத்தொழிற்சாலையில் பணியேற்றார்.

தொழிலாளர் வகுப்பு

1920இல் போர்ட்டர் ஒரு வகுப்பைத் தொடங்கினார். 15 ஆண்களும் ஒரு பெண்ணும் சேர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அத்தொழிற்சாலையில் பணியாற்றியோர். வானியலை முறையாகக் கற்றவர் அல்லர். ஆனால், நுட்பமாக அளந்து வேலை செய்யும் பழக்கம் உடையவர். அவர்களுக்குப் போர்ட்டர் முதலில் கோள்களின் கணக்கைக் கற்பிக்கவில்லை. கண்ணாடி வட்டுகளைக் கையில் கொடுத்தார்.

ஒரு வட்டின்மீது அரைத்தூளும் நீரும் இட்டு, மற்றொரு வட்டை அதன்மேல் வைத்து முன்னும் பின்னும் தள்ள வேண்டும். வட்டைத் திருப்பியும், சுற்றி நடந்தும் தேய்க்க வேண்டும். சிறிது சிறிதாக மேல்வட்டு குழியும், கீழ்வட்டு குவியும். தூளை மேலும் மேலும் நுண்ணியதாக மாற்றித் தேய்த்தபின், கீல் பூசிய வட்டினால் மெருகேற்ற வேண்டும். இறுதியில் வெள்ளிப் பூச்சு இட்டால் குழியாடி ஆயத்தமாகும்.

ஆடியின் வளைவைச் சோதிக்க ஓர் ஊசித்துளை விளக்கும் ஒரு கத்தி அலகுமே போதும். ஃபூக்கோ என்னும் பிரெஞ்சு அறிஞர் வகுத்த இம்முறையால், மயிரிழைப் பருமனில் நூறில் ஒரு பங்கினும் சிறிய பிழையைக்கூடக் காணலாம். பிழை தெரிந்தால் மீண்டும் மெருகிட வேண்டும். விலையுயர்ந்த பொறி இல்லாமலே உயர்ந்த துல்லியத்தை எட்ட முடியும். அதற்குத் தேவை பொறுமையே. இந்த உண்மையைக் கை உணர்ந்தபோது, தொழிலாளர்களிடம் இருந்த தயக்கம் விலகியது. தாம் செய்த ஆடியில் நிலவைக் கண்டவர்கள் வானைப் பற்றி மேலும் அறிய விரும்பியது இயல்பே.

குன்றின்மேல் ஒரு கூடம்

1923இல் இவ்வார்வலர்கள் ஸ்பிரிங்ஃபீல்டு தொலைநோக்கி உருவாக்குவோர் சங்கத்தை நிறுவினர். ஊருக்கு அருகிலிருந்த குன்றின்மீது, போர்ட்டர் வரைந்த திட்டப்படி உறுப்பினர்கள் தாமே ஒரு கூடத்தை எழுப்பினர். விண்மீன்களின் கோயில் எனப் பொருள்படுமாறு அதற்கு ஸ்டெல்லாஃபேன் எனப் பெயரிட்டனர்.

சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழின் ஆசிரியர்களுள் ஒருவரான ஆல்பர்ட் இங்கால்ஸ் 1925இல் அங்கு வந்து, கண்டவற்றைக் கட்டுரையாக்கினார். செய்முறையை அறிய விரும்பிய வாசகர் பலர் இதழுக்கு மடல் எழுதினர். போர்ட்டரும் அவ்விதழில் எழுதினார். 1926இல் தொலைநோக்கி உருவாக்கம் பற்றிய நூலும் வெளிவந்தது. அதே ஆண்டு ஸ்டெல்லாஃபேனில் ஆர்வலர்களின் முதல் மாநாடு கூடியது. ஒரு சிற்றூரின் முயற்சி நாடெங்கும் பரவிய இயக்கமாயிற்று.

சிறு ஆடியிலிருந்து பேராடிக்கு

அக்காலத்தில் 200 அங்குல விட்டமுள்ள ஆடியைக் கொண்டு ஒரு மாபெரும் தொலைநோக்கியை அமைக்கத் திட்டமிடப்பட்டது. ஜார்ஜ் எல்லரி ஹேல் என்னும் வானியலறிஞர் அதற்கு உதவுமாறு போர்ட்டரை 1928இல் கலிபோர்னியாவுக்கு அழைத்தார். கட்டடக்கலையும் ஓவியமும் ஆடிக்கலையும் ஒருங்கே கைவந்த அவர், கட்டிமுடிக்கப்படாத பொறியின் உள்ளமைப்பைக் கண்முன் நிறுத்தும் படங்களை வரைந்தார். 1948இல் பலோமர் மலையில் அத்தொலைநோக்கி அர்ப்பணிக்கப்பட்டது. மறு ஆண்டு பிப்ரவரித் திங்களில் போர்ட்டர் மறைந்தார்.

நிலவின் பள்ளம் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஸ்டெல்லாஃபேன் குன்றில் ஆர்வலர்கள் தாம் உருவாக்கிய கருவிகளோடு இன்றும் கூடுகின்றனர். பேராடிப் பணியில் போர்ட்டர் பங்கேற்றது பெருமைக்குரியதே. அதனினும் பெரிது, தாம் கற்ற கலையைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளாமல் 16 பேரின் கைகளில் சேர்த்தது. அறிவியலுக்குப் புதியவரை அழைக்க விரும்புவோர், வியக்கத்தக்க காட்சியைக் காட்டுவதோடு நில்லாமல், அதனைக் காணும் கருவியை உருவாக்கவும் கற்றுத்தருதல் வேண்டும் என்பதே அவர் வாழ்வு உணர்த்தும் பாடம்.