வலது கை செயலிழந்தது, இடது கை தங்கம் வென்றது... யார் இந்த கரோலி தகாச்?

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் துருக்கி வீரர் யூசுஃப் டிகெச் நின்ற அந்த போட்டோ ஞாபகம் இருக்கிறதா? ஒரு கையில் பிஸ்டல், இன்னொரு கை பேன்ட் பாக்கெட்டில். டீ-ஷர்ட், சாதாரண கண்ணாடி, அலட்டிக்கொள்ளாத முகம். மீம்ஸ் பறந்தன. 51 வயது மனிதர் வெள்ளிப் பதக்கத்தோடு ஊருக்குப் போனார்.

பலரும் அதை ஸ்டைல் என்று நினைத்தார்கள். ஆனா அதற்கு ஒரு காரணம் இருக்கு. ஒலிம்பிக் பிஸ்டல் போட்டிகளில் துப்பாக்கியை ஒரே ஒரு கையால்தான் பிடிக்க வேண்டும். மணிக்கட்டுக்கு எந்தத் தாங்கலும் கூடாது. இன்னொரு கைக்கு வேலையே கிடையாது. அது தொங்கிக்கொண்டு ஆடினால் உடம்பும் சேர்ந்து ஆடும் என்பதால் பாக்கெட்டிலோ பெல்ட்டிலோ செருகி வைத்துவிடுவார்கள்.

சரி, வேலை செய்யும் அந்தக் கையே போய்விட்டால்? பாக்கெட்டில் சும்மா இருந்த கை அதன் இடத்துக்கு வர முடியுமா?

முடியும் என்று ஒருவர் காட்டியிருக்கிறார். ஹங்கேரியைச் சேர்ந்த கரோலி தகாச். அவர் ஊர் உச்சரிப்பில் காரோய் தகாச். இவர் கதை மோட்டிவேஷன் வீடியோவாகவோ வாட்ஸ்அப் ஃபார்வர்டாகவோ உங்களுக்கு ஏற்கனவே வந்திருக்கலாம். அதில் பாதி உண்மை, மீதி மசாலா. மசாலாவை நீக்கிவிட்டுப் பார்த்தால் கதை இன்னும் கனமாகத்தான் இருக்கிறது.

*திறமை இருந்தது, பதவி இல்லை*

தகாச் 1910 ஜனவரி 21 அன்று புடாபெஸ்ட்டில் பிறந்தார். இளம் வயதிலேயே ராணுவத்தில் சேர்ந்தார். பிஸ்டல் சுடுவதில் கை தேர்ந்தவர். 1936 வாக்கில் உலகத் தரத்தில் ஆடக்கூடிய வீரராகிவிட்டார். அந்த வருடம் பெர்லினில் ஒலிம்பிக்ஸ். ஹங்கேரி அணியில் அவர் இருந்திருக்க வேண்டும்.

ஆனா இடம் கிடைக்கவில்லை. காரணம், ஸ்கோர் அல்ல, தோள்பட்டையில் இருந்த பட்டை. அவர் அப்போது சார்ஜென்ட். அன்றைய ஹங்கேரி ராணுவ விதிப்படி கமிஷன் பெற்ற அதிகாரிகள் மட்டும்தான் ஒலிம்பிக்ஸுக்குப் போகலாம். எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் சார்ஜென்ட்டுக்கு டிக்கெட் இல்லை.

பெர்லின் போட்டிகளுக்குப் பிறகு அந்தத் தடை நீக்கப்பட்டது. அடுத்த ஒலிம்பிக்ஸ் 1940ல். தகாச்சுக்கு அப்போது 30 வயது ஆகியிருக்கும். இந்த விளையாட்டுக்கு அது நல்ல வயசு. இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றிய நேரம் அது.

*1938: கையில் வெடித்த குண்டு*

1938ல் ராணுவப் பயிற்சியின்போது பழுதான ஒரு கையெறி குண்டு அவருடைய வலது கையிலேயே வெடித்தது. அவர் சுடும் கை அது. கடுமையாகச் சேதமடைந்தது.

இங்கே ஒரு சின்ன ஃபேக்ட் செக். பல வீடியோக்களில் கை முழுவதுமாகத் துண்டாகிப் போனது என்று சொல்வார்கள். ஒலிம்பிக் வரலாற்றுக் குறிப்புகளில் இருப்பது, கை மோசமாகச் சிதைந்து துப்பாக்கி சுடுவதற்குப் பயன்படாமல் போனது என்பதுதான். விளையாட்டைப் பொறுத்தவரை இரண்டுக்கும் விளைவு ஒன்றே. வருடக்கணக்கில் பழகிய கை இனி இல்லை.

ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். வெளியே வந்ததும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இடது கையில் பிஸ்டலை எடுத்துப் பயிற்சியைத் தொடங்கினார்.

*இடது கைக்கு மாறுவது அவ்வளவு கஷ்டமா?*

ஃபார்வர்டு மெசேஜ்கள் ஒரே வரியில் தாண்டிப் போகும் இடம் இது. வலது கைக்காரர் ஒருவர் நாளை முதல் இடது கையால் எழுதப் பழகினால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். பிஸ்டல் அதைவிடச் சிக்கலானது.

முதலில் எடை. கையை முழுதாக நீட்டி, ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் எடையுள்ள ஒரு பொருளை ஆடாமல் பிடிக்க வேண்டும். தோளும் முன்கையும் அதற்குப் பழக மாதங்கள் ஆகும். அதுவரை பழகிய வலது தோள் இப்போது உதவாது. பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாவது, டிரிகர் விரல். இந்த விளையாட்டின் உயிரே அதில்தான் இருக்கு. ஆள்காட்டி விரல் மட்டும் நேராகப் பின்னோக்கி அழுத்த வேண்டும். மற்ற விரல்கள் இறுகவே கூடாது. டிரிகரைச் சட்டென்று இழுத்தால் குழலின் முனை ஒரு மில்லிமீட்டர் நகரும். அந்த ஒரு மில்லிமீட்டர் 25 மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கில் பல சென்டிமீட்டராக விரியும். பழகாத கையில் விரல்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துதான் இறுகும். அதைப் பிரித்துப் பழக்குவதற்கு ஆயிரக்கணக்கான முறை டிரிகரை அழுத்திப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. உலகம் முழுக்க ஷூட்டர்கள் தோட்டா போடாமலே இதைப் பழகுவார்கள்.

மூன்றாவது, கண். நம் இரண்டு கண்ணில் ஒன்றுக்கு மூளை முன்னுரிமை கொடுக்கும். வலது கைக்காரர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது வலது கண். துப்பாக்கி இடது கைக்கு மாறினால் கையும் கண்ணும் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்கும். தலையைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், அல்லது இன்னொரு கண்ணைப் பழக்க வேண்டும். நிற்கும் கோணம், கால் வைக்கும் இடம் எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாக மாறும்.

வீக்கெண்டில் ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய்ப் பழகுபவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். பழகிய கையிலேயே நல்ல நாள், கெட்ட நாள் உண்டு. பழகாத கையில் முதல் சில வாரங்கள் தோட்டா எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

*அனுதாபம் சொல்ல வந்தவர்கள்*

1939 வசந்த காலம். ஹங்கேரியின் தேசிய பிஸ்டல் சாம்பியன்ஷிப் நடக்கும் இடத்துக்குத் தகாச் வந்தார். மற்ற ஷூட்டர்கள் அவரிடம் வந்து கையைப் பற்றி வருத்தம் தெரிவித்தார்கள். இந்த நிலைமையிலும் போட்டியைப் பார்க்க வந்திருக்கிறாரே என்று பாராட்டினார்கள். பார்க்க வரவில்லை, போட்டியிட வந்திருப்பதாக அவர் சொன்னபோது யாருக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அந்தப் பட்டத்தை அவர்தான் வென்றார். அதே வருடம் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் தங்கம் வென்ற ஹங்கேரி அணியிலும் அவர் இருந்தார். குண்டு வெடித்து ஒன்றரை வருடம்கூட முழுதாக ஆகவில்லை.

பெரும்பாலான மோட்டிவேஷன் வீடியோக்கள் இங்கிருந்து நேராக ஒலிம்பிக் மேடைக்குத் தாவிவிடும். நடுவில் ஒன்பது வருடங்கள் இருக்கின்றன.

*தேதி இல்லாத காத்திருப்பு*

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. 1940 ஒலிம்பிக்ஸ் ரத்து. 1944 ஒலிம்பிக்ஸும் ரத்து. அதே 1944 இறுதியில் சோவியத் படைகள் புடாபெஸ்ட்டைச் சூழ்ந்தன. சுமார் 50 நாள் முற்றுகையில் நகரமே இடிந்து போனது. டான்யூப் நதியின் மேல் இருந்த பாலங்கள் எல்லாம் தகர்க்கப்பட்டன.

ஒரு விளையாட்டு வீரருக்கு 29 வயது முதல் 38 வயது வரை என்பது சாதாரண இடைவெளி அல்ல. வழக்கமாக ஒரு தேர்வுக்கோ போட்டிக்கோ தயாராகிறவர்களுக்குக் காலண்டரில் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதிதான் காலையில் எழுப்பிவிடும். 1944ல் ஹங்கேரியில் இருந்த ஒருவருக்கு அடுத்த ஒலிம்பிக்ஸ் எப்போது, அது நடக்குமா, தன் நாடு அதில் இருக்குமா என்று எதுவுமே தெரிந்திருக்க வழியில்லை.

விதியால் ஒரு ஒலிம்பிக்ஸ் போனது. போரால் இரண்டு போனது. விபத்தைக்கூட ஒரு வருடத்தில் தாண்டிவிட்டார். அவரை உண்மையில் சோதித்தது இந்த ஒன்பது வருடங்கள்தான்.

*லண்டன் 1948: கற்றுக்கொள்ள வந்தவர்*

போர் முடிந்து லண்டனில் ஒலிம்பிக்ஸ். துப்பாக்கி சுடும் போட்டிகள் நகருக்கு வெளியே பிஸ்லி ரேஞ்சில் நடந்தன. தகாச் கலந்துகொண்டது 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல்.

இதன் விதியைத் தெரிந்துகொண்டால்தான் அந்த ஸ்கோரின் மதிப்பு புரியும். 25 மீட்டர் தூரத்தில் வரிசையாக ஐந்து இலக்குகள். அவை திரும்பி முகம் காட்டியதும் தாழ்த்தி வைத்த கையை உயர்த்தி, ஒவ்வொரு இலக்குக்கும் ஒரு தோட்டா வீதம் ஐந்தையும் சுட வேண்டும். முதலில் 8 வினாடி, அடுத்து 6 வினாடி, கடைசியில் 4 வினாடி. கையைத் தூக்குவதும் அந்த 4 வினாடிக்குள்தான். மொத்தம் 60 ஷாட். அதிகபட்சம் 600 புள்ளிகள்.

அந்த வருடம் எல்லோரும் எதிர்பார்த்த வீரர் அர்ஜென்டினாவின் கார்லோஸ் தியாஸ் சாயென்ஸ் வாலியென்டே. அப்போதைய உலக சாம்பியன். போட்டிக்கு முன் தகாச்சைப் பார்த்த அவர், நீங்கள் எதற்காக லண்டன் வந்திருக்கிறீர்கள் என்று ஆச்சரியத்தோடு கேட்டதாகவும், கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்று தகாச் பதில் சொன்னதாகவும் ஒலிம்பிக் வட்டாரத்தில் ஒரு கதை உண்டு.

முடிவு? தகாச் 580. புதிய உலக சாதனை. தியாஸ் 571 புள்ளிகளோடு வெள்ளி. பதக்க மேடையில் தியாஸ் திரும்பி, போதுமான அளவுக்குக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்றாராம்.

38 வயதில், முதல் ஒலிம்பிக்ஸில், இடது கையால் தங்கம்.

*ஹெல்சின்கி 1952: எதிரில் சொந்த மாணவர்*

ஒரு தங்கம் என்றால் அதிர்ஷ்டம் என்றுகூடச் சிலர் சொல்லலாம். நான்கு வருடம் கழித்து ஹெல்சின்கியில் 42 வயதில் மறுபடியும் வந்தார். இந்த முறை 579 புள்ளிகள். இன்னொரு தங்கம். இந்தப் பிரிவில் இரண்டு தங்கம் வென்ற முதல் வீரர் என்ற பெயரும் கிடைத்தது.

வெள்ளி யாருக்கு என்பதுதான் சுவாரஸ்யம். 578 புள்ளிகள் எடுத்த சிலார்ட் குன். ஹங்கேரியின் 17 வயதுப் பையன். அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் தகாச்! ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் குரு தப்பித்தார் என்றே சொல்லலாம். தியாஸுக்கு நான்காம் இடம்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ் நடந்தபோது ஹங்கேரியே கொதித்துக்கொண்டிருந்தது. மக்கள் எழுச்சியைச் சோவியத் டாங்கிகள் நசுக்கி சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. 46 வயதில் அந்தப் போட்டியில் கலந்துகொண்ட தகாச்சுக்கு 8ஆம் இடம். அதோடு முடித்துக்கொள்ளவில்லை. 1958 உலக சாம்பியன்ஷிப்பில் சென்டர் ஃபயர் பிஸ்டல் பிரிவில் வெண்கலம் வாங்கினார். உள்நாட்டில் மட்டும் 35 தேசியப் பட்டங்கள்.

1936ல் அதிகாரி இல்லை என்று ஒதுக்கப்பட்ட அதே மனிதர், லெப்டினன்ட் கர்னலாக ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றார். 1976 ஜனவரி 5 அன்று, 66ஆவது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பு, புடாபெஸ்ட்டில் காலமானார்.

*நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?*

2012ல் ஒலிம்பிக்ஸ் மறுபடியும் லண்டனுக்கு வந்தது. அதே ரேபிட் ஃபயர் பிஸ்டல் போட்டியில் இந்தியாவின் விஜய் குமார் வெள்ளி வென்றார். அவர் அப்போது இந்திய ராணுவத்தில் சுபேதார், அதாவது கமிஷன் பெற்ற அதிகாரி அல்ல. 1936 ஹங்கேரியின் விதி இங்கே இருந்திருந்தால் அவர் விமானமே ஏறியிருக்க முடியாது. நாம் அந்தப் பதக்கத்தைக் கொண்டாடியிருக்கவும் முடியாது.

தகாச்சின் கதையை மனசு வைத்தால் எதையும் சாதிக்கலாம் என்று சுருக்குவது ஈஸி. ஆனா மனசு மட்டும் வைத்திருந்தால் டிரிகர் விரல் பழகியிருக்காது. குண்டு வெடித்ததற்கும் முதல் ஒலிம்பிக் தங்கத்துக்கும் இடையே பத்து வருடங்கள். அதில் கைதட்டல் கிடைத்த நாட்கள் மிகக் குறைவு. மீதி நாட்களில் இருந்தது ஒரு பிஸ்டல், பழகாத ஒரு கை, எப்போது வரும் என்று தெரியாத ஒரு போட்டி.

அடுத்த முறை அந்த மெசேஜ் ஃபார்வர்டாகி வந்தால், 1939க்கும் 1948க்கும் நடுவில் ஒரு நிமிஷம் நிறுத்திப் படியுங்கள். மெசேஜில் இல்லாத கதை அங்கேதான் இருக்கிறது.